தேறாத மருந்து எங்கே போகிறது?

வீட்டில் இருமல் மருந்துப் புட்டி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள், மாணவர்களே. மருந்தின் பெயரும் காலாவதி நாளும் உடனே கண்ணில் படும். அவற்றுக்குப் பக்கத்தில், சில சமயம் புட்டியின் கழுத்தில், பொடி எழுத்தில் இன்னொன்றும் அச்சாகியிருக்கும். 'பேட்ச் நம்பர்' என்றோ மலாயில் 'நொம்போர் கெலொம்போக்' என்றோ போட்டிருப்பார்கள். தமிழில் தொகுதி எண் எனலாம். மருந்து வாங்குபவர்களில் அதைப் படிப்பவர் அபூர்வம்.

2025 அக்டோபர் முதல் வாரத்தில் இந்தியாவில் அதிகாரிகள் தேடித் திரிந்தது அப்படிப்பட்ட ஒரு பொடி எழுத்தைத்தான். அந்த எண் எஸ்ஆர்-13.

மத்தியப் பிரதேச மாநிலத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா என்ற ஊரிலும் அதைச் சுற்றியும், சளி காய்ச்சலுக்கு மருந்து குடித்த சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. பிறகு சிறுநீரகங்கள் செயலிழந்தன. அவர்களில் பலருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. அவர்கள் குடித்த மருந்தின் பெயர் 'கோல்ட்ரிஃப்'. அதைத் தயாரித்தது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் நிறுவனம். மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். அரசு ஆய்வகம் ஓரிரு நாளில் முடிவு சொல்லிவிட்டது. மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது.

அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 விழுக்காடு. அதாவது வரம்பைப் போல 486 மடங்கு. ஐந்து மில்லிலிட்டர் பிடிக்கும் மருந்துக் கரண்டி ஒன்றில் ஏறக்குறைய 2.4 கிராம் நஞ்சு.

இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நிறுவன உரிமையாளர் கைதானார், அக்டோபர் 13-இல் உரிமம் ரத்தானது. நாளிதழ்களில் நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். நான் இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. ஆய்வகம் 'தேறவில்லை' என்று எழுதிய பிறகு அந்த மருந்தை என்ன செய்கிறார்கள்? எஸ்.பி.எம். தேர்வில் ஒரு பாடம் போனால் மறுபடி உட்கார்ந்து எழுதலாம். மருந்துக்கு அந்த வாய்ப்பு உண்டா?

ஒரு வாளிப் பாலும் ஒரு தொட்டிப் பாலும்

முதலில் தொகுதி என்றால் என்ன என்று பார்ப்போம். ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் மெட்ரோலாக் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அது ஒரு மிதவைக் கருவி. வெட்டிய பாலைக் கொண்டுவந்து கொடுக்கும் இடத்தில், பாலில் ரப்பர் எவ்வளவு என்று அதை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே பாலில் தண்ணீர் கூடக்கூட அடர்த்தி கூடும், மிதவையும் கொஞ்சம் மேலே ஏறும். தண்ணீர் கலந்தவர் மாட்டிக்கொள்வார். இந்தச் சோதனையை வாளி வாளியாகச் செய்ததில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாப் பாலையும் பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டால், பிறகு எந்தக் கருவி வந்தாலும் யாருடைய வாளியில் கோளாறு என்று சொல்ல முடியாது.

மருந்தாலையில் 'தொகுதி' என்பது அந்த வாளி மாதிரி. ஒரே கலனில், ஒரே மூலப்பொருள்களைக் கொண்டு, ஒரே தடவையில் கலந்து எடுத்த மருந்து முழுவதும் ஒரு தொகுதி. அதிலிருந்து ஆயிரக்கணக்கான புட்டிகளை நிரப்பினாலும் எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும். சாம்பாரை நன்றாகக் கிளறிவிட்டு ஒரு துளி உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பதைப் போல, நன்றாகக் கலந்த திரவத்தில் சில புட்டிகளைச் சோதித்தால் முழுத் தொகுதியின் நிலையும் தெரியும். தேறாவிட்டால் சோதித்த புட்டிகள் மட்டுமல்ல, அந்த எண் போட்ட ஒவ்வொரு புட்டியும் தேறவில்லை என்றுதான் பொருள்.

(நிலக்கடலை, மூலிகைத் தூள் போன்றவற்றில் இது இவ்வளவு எளிதல்ல. ஒரு மூட்டைக் கடலையில் பூஞ்சை பிடித்த சில பருப்புகள் ஒரு மூலையில் ஒளிந்திருக்கலாம். உங்கள் கை வேறு மூலையில் மாதிரி எடுத்தால் மூட்டை 'தேறிவிடும்'. அதனால்தான் அங்கே பல இடங்களிலிருந்து எடுத்து, அரைத்து, கலந்த பிறகு சோதிக்கிறார்கள்.)

நம் நாட்டு மருந்துகளில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அந்த மருந்தை ஆராய்ந்து பதிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணின் கடைசியில் 'டி' என்ற எழுத்து வரும். ஆனால் பதிவு எண் அந்த மருந்துக்கு உரியது, தொகுதி எண் ஒரு நாள் சமையலுக்கு உரியது. நல்ல உணவகத்திலும் ஒரு நாள் சோறு குழைந்துவிடலாம் அல்லவா? ஆகவே பதிவு எண் மட்டும் போதாது. முகமையும் மருந்து சந்தைக்கு வந்த பிறகு மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறது.

ருசியால் பிடிபடாத நஞ்சு

டைஎத்திலீன் கிளைக்கால் ஏன் மருந்துக்குள் வந்தது? பாராசிட்டமால் போன்ற மருந்துகள் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. அவற்றைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரால் சேர்ப்பார்கள். இவை இரண்டும் நிறமற்றவை, கெட்டியாக ஓடுபவை, சற்று இனிப்பானவை, உரிய அளவில் பாதுகாப்பானவை. டைஎத்திலீன் கிளைக்காலும் நிறமற்றது, கெட்டியாக ஓடுவது, இனிப்பானது. பிரேக் எண்ணெய், பிசின், பெயிண்ட் தொழில்களில் பயன்படுவது. கோல்ட்ரிஃப் விஷயத்தில் மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைக்காலைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்று தமிழ்நாடு அதிகாரிகளின் ஆய்வு கூறியது. மருந்துத் தரத்துக்கும் தொழிற்சாலைத் தரத்துக்கும் விலை வேறு. புட்டிக்குள் ஊற்றிய பிறகு கண்ணுக்கோ நாக்குக்கோ எந்த வேறுபாடும் தெரியாது.

உடலுக்குள் போனதும் கல்லீரல் இதை உடைக்கப் பார்க்கிறது. அப்படி உடையும்போது உண்டாகும் டைகிளைக்காலிக் அமிலம்தான் உண்மையான கொலையாளி. அது சிறுநீரகத்தின் நுண்குழல்களில் போய்ச் சேர்ந்து அங்குள்ள செல்களை அழிக்கிறது. நஞ்சை முறிக்கப் பார்க்கும் கல்லீரலின் வேலையே அதைக் கூடுதல் நஞ்சாக்குகிறது. முதலில் வாந்தி, வயிற்று வலி. ஓரிரு நாளில் சிறுநீர் குறையும், பிறகு நிற்கும். பெற்றோருக்கு இது காய்ச்சலின் கடுமையாகத் தோன்றும். மருந்தை இன்னொரு கரண்டி கொடுப்பார்கள்.

மெட்ரோலாக் போன்ற மிதவை இங்கே உதவாதா என்று கேட்கலாம், நல்ல கேள்வி. தூய திரவங்களாக இருந்தால் அடர்த்தி வேறுபடும். புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 1.04 கிராம், டைஎத்திலீன் கிளைக்காலுக்கு 1.12, கிளிசராலுக்கு 1.26. ஆனால் சர்க்கரைப் பாகும் நிறமியும் மருந்தும் சேர்ந்த கலவையில் அடர்த்தி எதையும் காட்டிக்கொடுக்காது. அதற்கு வாயு நிறச்சாரல் பிரிகை தேவை. வடிதாளில் மை வைத்து, தண்ணீர் ஏற ஏற நிறங்கள் பிரிவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இது. மாதிரியை ஆவியாக்கி, முடி போன்ற மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக ஹீலியம் போன்ற வாயுவால் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய நேரத்தில் மறுமுனையில் வந்து சேரும். எந்த நேரத்தில் வருகிறது என்பது ஆளைச் சொல்லும், எவ்வளவு பெரிய அலையாக வருகிறது என்பது அளவைச் சொல்லும்.

மறுபடி சோதித்தால் என்ன?

ஒழுங்காக நடக்கும் ஆலையில் ஒவ்வொரு கலனிலும் நிறச்சீட்டு ஒட்டியிருக்கும். சோதனை முடியாதது மஞ்சள், தேறியது பச்சை, தேறாதது சிவப்பு. சிவப்புச் சீட்டு விழுந்தால் அந்தத் தொகுதி தனி அறையில், பூட்டுக்குள் போகும். யாரோ ஒருவர் அவசரத்தில் தவறிப்போய் எடுத்து அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு.

இப்போது முதலாளியின் இடத்தில் இருந்து யோசியுங்கள். இலட்சக்கணக்கில் பணம் அந்த அறைக்குள் முடங்கிக் கிடக்கிறது. 'ஆய்வகத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கும், இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள்' என்று சொல்லத் தோன்றும். தப்பு நடக்கவும் கூடும். கருவி சரியாக அளவுதிருத்தம் செய்யப்படாமல் இருந்திருக்கலாம், மாதிரியை நீர்த்தவர் அளவு தவறியிருக்கலாம். ஆகவே முதல் வேலை ஆய்வகத்தின் குறிப்பேட்டைப் புரட்டி அப்படித் தவறு நடந்ததா என்று தேடுவது. தவறு நடந்ததற்குச் சான்று கிடைத்தால் மட்டுமே முதல் முடிவைத் தள்ளிவைக்கலாம். சான்று இல்லாமல் தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1993-இல் பார் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் ஏற்க மறுத்தது. இன்று உலகெங்கும் மருந்தாலைகள் அந்த நெறியைத்தான் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

ஏன் என்பதற்கு உங்கள் நிகழ்தகவுப் பாடம் போதும். ஒரு கெட்ட தொகுதி தப்பித் தேறிவிட ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை சோதித்தால் பிடிபட 0.8 வாய்ப்பு. மூன்று தடவை சோதித்தால் மூன்றிலும் பிடிபட 0.8 x 0.8 x 0.8, அதாவது 0.512. ஏதாவது ஒரு தடவையாவது 'தேறிவிட' 0.488. கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது மாதிரி. ஐந்து தடவை சோதித்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு ஆகிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். விடையைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

சரி, மருந்தைச் சீர்செய்ய முடியுமா? அது எதனால் தேறவில்லை என்பதைப் பொறுத்தது. மிளகுத் தூளில் கிருமி அதிகம் என்றால் நீராவியால் கொல்லலாம். சில நாடுகளில் மருத்துவர் சீட்டோடு சட்டப்படி விற்கும் கஞ்சாப் பூவில்கூடப் பூஞ்சை இருந்தால் கதிர்வீச்சு கொடுத்து மறுபடி சோதிக்கிறார்கள். (நம் நாட்டில் கஞ்சா வைத்திருப்பதே குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும்.) ஆனால் கிருமியைக் கொல்வது ஒன்று, கிருமி விட்டுப்போன நஞ்சை அகற்றுவது வேறு. கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போவதில்லை. லேகியத்தில் ஈயமோ பாதரசமோ இருந்தால் அதைக் கொல்லவும் முடியாது, கொதிக்கவைத்து விரட்டவும் முடியாது. நம் நாட்டில் பாரம்பரிய மருந்துக்கு ஈயத்தின் வரம்பு பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு, பாதரசத்துக்கு அரைப் பங்கு. அதைத் தாண்டினால் அந்தத் தொகுதியின் கதை முடிந்தது.

நல்ல மருந்தோடு கலந்து நீர்த்துவிட்டால்? எஸ்ஆர்-13 போன்ற ஒரு லிட்டரை வரம்புக்குள் கொண்டுவர 485 லிட்டர் நல்ல மருந்து வேண்டும். அப்படிச் செய்தாலும் அது குற்றம், ஏனென்றால் நஞ்சு எங்கும் போகவில்லை, இன்னும் அதிகமான குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தேறாத இருமல் மருந்துக்கு ஒரே வழி அழிப்பதுதான்.

திருப்பி வாங்குவது

ஆலைக்குள் பிடிபட்டால் இதெல்லாம் சுலபம். எஸ்ஆர்-13 பிடிபட்டபோது அது ஏற்கனவே கடைகளையும் வீடுகளையும் அடைந்துவிட்டிருந்தது. ஒடிசாவுக்கும் புதுச்சேரிக்கும்கூடப் போயிருந்ததால் அங்கேயும் எச்சரிக்கை அனுப்பினார்கள். சிந்த்வாராவில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு போய்ப் புட்டிகளைக் கேட்டு வாங்கினார்கள். மூடி திறந்து பாதி குடித்த புட்டியும் தொகுதியின் பகுதிதான்.

இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் பலரைக் கொன்றது. டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த மாசெங்கில் நிறுவனம் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் தண்ணீர்ப் பதத்தில் கொடுக்க, டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. ருசி, நிறம், மணம் எல்லாவற்றையும் சோதித்தார்கள், நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. இறப்புச் செய்திகள் வரத் தொடங்கியதும் நிறுவனம் கடைக்காரர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் தந்தி அனுப்பியது. மருந்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் அதில் இருந்தது. ஏன் என்று இல்லை. அரசு அதிகாரிகள் வற்புறுத்திய பிறகே உயிருக்கு ஆபத்து என்று சொல்லும் இரண்டாவது தந்தி போனது. இந்த இரண்டு தந்திகளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். 'திருப்பி அனுப்பவும்' என்று வந்தால் கடைக்காரர் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பார். 'இது ஆளைக் கொல்லும்' என்று வந்தால் அன்றிரவே வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அரசின் கள அதிகாரிகள் ஏறக்குறைய அனைவரும், 239 பேர், விற்பனைச் சீட்டுகளையும் மருத்துவர்களின் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு நாடு முழுதும் அந்த மருந்தைத் தேடினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு சொல். மருந்தின் பெயரில் 'எலிக்சர்' என்று இருந்தது. எலிக்சர் என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. தவறான பெயரில் விற்றதாகச் சொல்லித்தான் பறிமுதல் செய்ய முடிந்தது. நஞ்சை விற்றதற்காகப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை! அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது.

அதன் பிறகும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1972-இல் சென்னையில் 14 குழந்தைகள் இறந்தார்கள். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். அதே ஆண்டு நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். மலாக்காவிலிருந்து படகேறினால் சில மணி நேரத்தில் டுமாய், அவ்வளவு அருகில். எந்தத் தொகுதி, எந்த மருந்து என்று தெரியாததால் அந்த அக்டோபரில் இந்தோனேசிய அரசு எல்லாத் திரவ மருந்துகளின் விற்பனையையும் தற்காலிகமாக நிறுத்தியது. வாளியைக் கண்டுபிடிக்க முடியாதபோது தொட்டி முழுவதையும் மூட வேண்டியதாயிற்று.

நெருப்பும் கணக்கும்

திரும்பி வந்த புட்டிகளைக் கால்வாயில் ஊற்ற முடியாது. ஊற்றினால் ஆற்றுக்குப் போகும். மலேசியாவில் நச்சுத்தன்மையுள்ள கழிவு மருந்துகள் 2005-ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிகளின் கீழ் வருகின்றன. அவற்றுக்கான குறியீடு எஸ்டபிள்யூ 403. ஆலை அவற்றை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட பெரிய இடம் ஒன்று நமக்கு அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் நானாசில் உள்ள குவாலிட்டி ஆலாம் நிலையம் 1990-களின் கடைசியிலிருந்து நாட்டின் நச்சுக் கழிவுகளைக் கையாண்டு வருகிறது.

அங்கே சுழலும் உலையில் 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்கிறார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் மூலக்கூறு ஒன்றில் நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்து முழுமையாக எரிந்தால் நான்கு கார்பன் டைஆக்சைடும் ஐந்து தண்ணீரும் மிஞ்சும். சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள். இத்தனை குழந்தைகளைக் கொன்ற பொருள் நெருப்பில் நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பதாகவே மாறிவிடுகிறது. ஈயம் கலந்த லேகியம் அப்படி மறையாது. தனிமத்தை நெருப்பு அழிக்காது, ஈயம் சாம்பலில் கிடக்கும். அத்தகைய சாம்பலைச் சிமெண்டு போன்ற பொருளோடு கலந்து கெட்டியாக்கி, அடியில் கசியாத விரிப்புப் போட்ட குழியில் புதைக்கிறார்கள்.

வீட்டில் மிஞ்சிய சாதாரண மருந்தை என்ன செய்வது என்று கேட்டால், அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக்கின் ஃபார்மசியில் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ஒரு மருந்து திருப்பி அழைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தால், முதலில் தொகுதி எண்ணைப் பாருங்கள், லேபிளைக் கிழிக்காமல் புட்டியோடு கொண்டுபோய்க் கொடுங்கள். எண் இல்லாத புட்டியை யாராலும் கணக்கில் சேர்க்க முடியாது.

கடைசி வேலை கணக்குதான். ஆலை நிரப்பியது எத்தனை புட்டி, கிடங்கில் இருந்தது எத்தனை, கடைகளிலிருந்து வந்தது எத்தனை, எரித்தது எத்தனை என்று கூட்டிப் பார்க்கிறார்கள். 1937-இல் மாசெங்கில் தயாரித்தது 240 காலன். அதில் 234 காலனும் ஒரு பைண்டும் திரும்பக் கிடைத்தன. மீதி ஏறக்குறைய 22 லிட்டர், அதாவது நம் வீட்டுத் தண்ணீர் இயந்திரத்தில் கவிழ்த்து வைக்கும் பெரிய புட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். அதைக் குடித்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோயிருந்தார்கள்.